தலைவரின் முட்டையும் ஐந்து வாழ்த்துரைகளும்

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதி மனிதன் ஒரு பெரிய தவறு செய்தான். திறப்பு விழா நடத்தவில்லை. பதாகை இல்லை, குழுப் புகைப்படம் இல்லை, வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. அதனால்தான் நெருப்பு இன்றுவரை யாருக்கும் அடங்காமல் திரிகிறது. மனிதகுலத்தின் இந்தப் பழைய கறையைத் துடைக்க மத்திய ஜாவாவில், மெராபி எரிமலை ஜன்னலிலேயே தெரியும் ஒரு சிறிய ஊரில், வட்டார எடை அளவு அலுவலகம் முன்வந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வந்து சேர்ந்திருந்தது.

பொறுப்பற்றவர்கள் என்றால் வந்த அன்றே சோற்றை வைத்துச் சூடாக்கியிருப்பார்கள். இந்த அலுவலகம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் "மைக்ரோவேவ் அடுப்புப் பாதுகாப்புக் குழு" அமைக்கப்பட்டது. இரண்டாம் வாரம் குழுவினர் அணிய வேண்டிய பாத்திக் அச்சுச் சட்டையின் நிறம் முடிவானது. மூன்றாம் வாரம்தான், அடுப்பைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்ற கேள்வி எழுந்தது.

தியாஸுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. இயற்பியல் படித்தவள். ஒப்பந்தப் பணியாளர். மாவட்டத்தின் ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் இருந்து வரும் வெப்பமானிகளைச் சோதித்து, சரியாகக் காட்டுபவற்றுக்கு முத்திரை குத்துவது அவள் வேலை. வெப்பமானிகள் எதிர்த்துப் பேசாது என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அவளைப் பணி நிரந்தரம் செய்யும் கோப்பு மூன்று வருடமாக அலுவலகத் தலைவர் பாக் விக்னியோவின் (ஆண்களுக்கு 'பாக்', பெண்களுக்கு 'இபு' என்பது அங்கே மரியாதை) மேசையில் இருந்தது. ஒரே ஒரு கையெழுத்து மிச்சம்.

"திறப்பு விழா நல்லபடியா முடியட்டும்மா," என்றார் தலைவர். "அன்னைக்கே போட்டுடறேன்."

தியாஸ் இரண்டு நாள் உட்கார்ந்து பதினான்கு விதிகளை எழுதினாள். சோற்றின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடியைத் தளர்த்தி வைத்துச் சூடாக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கிளற வேண்டும். பொன் விளிம்புத் தட்டு ஆகாது. வாழையிலைப் பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் எடுத்துவிட வேண்டும். சூடானதை உடனே வாயில் போடாமல் சற்று ஆறவிட வேண்டும். எட்டாவது விதி மட்டும் கொஞ்சம் நீளம். முழு முட்டையை, அவித்ததே ஆனாலும், வைக்கக் கூடாது. மஞ்சள் கருவுக்குள் ஈரம் கொதிநிலையைத் தாண்டி அடைபட்டுக் கிடக்கும். அடுப்பில் சாதுவாக இருந்துவிட்டு, கரண்டி பட்டதும் வெடிக்கும்.

குழுத் தலைவி இபு சுலாஸ்த்ரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஏம்மா தியாஸ், இந்த எட்டாவது யாரைக் குத்திக் காட்டுது?"

"யாரையும் இல்ல இபு. முட்டையைத்தான்."

"இந்த ஆபீஸ்ல தினம் முட்டை கொண்டு வர்றது யாரு?"

தியாஸ் தலையைக் குனிந்துகொண்டாள். கொய்யா இலையும் வெங்காயத் தோலும் போட்டுப் பழுப்பாக அவித்த பிண்டாங் முட்டை, நாளுக்கு இரண்டு, தலைவரின் மனைவி கொடுத்தனுப்புவது. அதைச் சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் தலைவர் இந்த அடுப்பையே கேட்டு வாங்கினார்.

"நாலு துண்டா வெட்டி வெச்சா ஒண்ணும் ஆகாது இபு..."

"தலைவரோட முட்டையை நீ வெட்டுவியா?"

"அப்ப அவர்கிட்டத் தனியா சொல்லிடலாமா?"

"தாராளமா சொல்லலாமே. யாரு?"

இருவரும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கஸ்மினைப் பார்த்தார்கள். அலுவலக உதவியாளர் கஸ்மின் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"என்னைப் பாக்காதீங்க. பதினெட்டு வருஷமா அவர்கிட்ட 'ஆமாங்க பாக்'கைத் தவிர நான் வேற ஒண்ணும் பேசினதில்ல. நல்லாத்தான் போயிட்டிருக்கு. எதுக்குக் கெடுத்துக்கணும்?"

எட்டாவது விதி செப்பனிடப்பட்டது. அச்சாகி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டபோது அது இப்படி இருந்தது: "சில உணவுப் பொருள்கள், சில சூழ்நிலைகளில், உரிய மரியாதையுடன் அணுகப்படும்."

விழா செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கூடத்தின் நடுவே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் அடுப்பு, மல்லிகை மாலையுடன். பின்னால் ஆறு மீட்டர் பதாகை: "பாதுகாப்பான சூடு, பண்பான சேவை". அலுவலகத்தில் வயதில் சிறியவள் யாரோ அவள்தான் நிகழ்ச்சி தொகுப்பாளர் என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால் மைக் தியாஸின் கையில் இருந்தது. 

பிரார்த்தனை முடிந்தது. நாட்டுப்பண் முடிந்தது. பாக் விக்னியோ ரிப்பன் வெட்டி, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முதல் முட்டையைத் தட்டில் வைத்து, தட்டை அடுப்பில் வைத்து, ஒரு நிமிடத்துக்கு முடுக்கினார். கைத்தட்டல். அடுப்பு மணியடித்தது. முட்டை வெளியே வந்தது. அழகாக, பழுப்பாக, மாசு மருவின்றி இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் தலைவர். புகைப்படக்காரருக்காகத் தட்டை முகத்தருகே உயர்த்தி, கரண்டியை ஓங்கினார்.

தியாஸ் முட்டையையே பார்த்தாள். அந்த மஞ்சள் கருவுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்துக்கும் முட்டைக்கும் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு தலைவரிடம், அறுபது பேர் முன்னால், மைக்கில் சொன்ன ஒப்பந்தப் பணியாளர் ஜாவாவில் இன்னும் பிறக்கவில்லை. அளந்து காட்ட, மேல்மாடியில் அவள் மேசையில் நாற்பது வெப்பமானிகள் இருந்தன. நிகழ்ச்சி நிரலில் அவற்றுக்கு இடமில்லை.

'ஆறவிட வேண்டும்' என்று தானே எழுதிய விதி ஞாபகம் வந்தது.

"இந்த... இந்தப் பொன்னான தருணத்தில்," என்றது மைக், "வாழ்த்துரை வழங்க, குழுத் தலைவி இபு சுலாஸ்த்ரி அவர்களை அன்புடன் அழைக்கிறோம்."

நிரலில் இல்லாத அழைப்பு. ஆனால் வாழ்த்துரைக்கு அழைத்தால் மறுப்பவர் அந்த ஊரில் யாரும் இல்லை. தலைவர் கரண்டியை இறக்கினார். இபு சுலாஸ்த்ரி கைப்பையிலிருந்து நான்கு பக்க உரையை எடுத்தார். எங்கே போனாலும் ஒன்று வைத்திருப்பார். வந்திருந்த ஒவ்வொருவரையும் பதவி வரிசைப்படி பெயர் சொல்லி வணங்கவே ஐந்து நிமிடம் ஆனது. அடுத்துத் தராசுப் பிரிவின் தலைவர். அவரும் எல்லோரையும் வணங்கினார், இபு சுலாஸ்த்ரியையும் சேர்த்து. அடுத்துப் பெட்ரோல் பம்பு அளவைப் பிரிவு. அடுத்து ஊழியர் மனைவியர் சங்கம். கடைசியாக அடுப்பைக் கொண்டுவந்து இறக்கிய வண்டியின் ஓட்டுநர். அவர்தான் எல்லோரையும்விட நன்றாகப் பேசினார்.

ஐந்து வாழ்த்துரை. நாற்பத்தொரு நிமிடம். கூடத்தின் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. தலைவர் முட்டையைக் கடித்தார். எதுவும் நடக்கவில்லை. தியாஸ் மூச்சு விட்டாள்.

"என்ன இது?" என்றார் தலைவர். "சில்லுன்னு இருக்கு!"

"ஆமாங்க பாக், சில்லுன்னு இருக்கு," என்றார் தூரத்தில் நின்ற இபு சுலாஸ்த்ரி.

"ஆமாங்க பாக்," என்றார் கஸ்மின்.

"அடுப்பு சரியில்லையோ? இன்னொரு முட்டை இருக்கு. இந்தத் தடவை ஒன்றரை நிமிஷம் வைப்போம்."

இரண்டாவது முட்டை உள்ளே போனது. தியாஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பேசத் தகுதியுள்ளவர்கள் எல்லோரும் பேசிவிட்டார்கள். மணியடித்தது. முட்டை வெளியே வந்தது. கரண்டி உயர்ந்தது.

"வாழ்த்துரை வழங்க," என்றாள் தியாஸ் அவசரமாக, "அலுவலக உதவியாளர் பாக் கஸ்மின் அவர்களை..."

கஸ்மின் திடுக்கிட்டு முன்னால் வந்தார். மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க பாக்," என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு விநாடி. கரண்டி மறுபடி உயர்ந்தது.

"தொடாதீங்க!"

மூன்று வருடத்தில் அவள் தலைவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. மன்னிக்கணும் இல்லை. அனுமதிங்க இல்லை. மரியாதைக்கு ஒரு 'பாக்' கூட இல்லை. தலைவர் அதிர்ந்து அவள் பக்கம் திரும்பினார். கரண்டி நழுவி முட்டையில் பட்டது.

சத்தம் வெளியே வாகன நிறுத்தம்வரை கேட்டதாம். முகம் திரும்பியிருந்ததால் தலைவருக்கு இடது காது மட்டும் கொஞ்சம் சிவந்தது. மீதி முட்டை பதாகைக்குப் போய், "பாதுகாப்பான" என்ற சொல்லை முழுவதுமாக மூடியது.

"மெராபியாவது முன்னாடியே புகை விடும்," என்று சொல்லிவிட்டுக் கஸ்மின் துடைப்பத்தை எடுக்கப் போனார்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. அறிவியல் முறைப்படியே நடந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரே கோழிப் பண்ணை, ஒரே கொய்யா இலை, ஒரே அடுப்பு. முதல் முட்டைக்கு ஐந்து வாழ்த்துரை வழங்கப்பட்டது, அது வெடிக்கவில்லை. இரண்டாவது முட்டைக்கு முறையான வாழ்த்துரை வழங்கப்படவில்லை, அது வெடித்தது. ஆகவே வெடிப்புக்குக் காரணம் வாழ்த்துரைக் குறைபாடு. அறிக்கையின் கீழே 'அறிவியல் சான்று' என்ற கட்டத்தில் தியாஸ் கையெழுத்திட வேண்டியிருந்தது.

"இதுல பொய் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் தலைவர், காதில் களிம்போடு.

"பொய் இல்ல பாக். ஆனா..."

"ஆனாவுக்குப் படிவத்துல இடமில்லம்மா."

"என் கோப்பு, பாக்?"

"விழா நல்லபடியா முடியலையேம்மா. கொஞ்சம் பொறு."

அவள் கையெழுத்திட்டாள். கையெழுத்து எப்படிப் போடுவது என்று யாராவது ஒருவர் காட்டத்தானே வேண்டும்.

அன்றிலிருந்து பதினைந்தாவது விதி அமலுக்கு வந்தது: அடுப்பிலிருந்து எடுக்கும் எந்த உணவுக்கும் ஐந்து வாழ்த்துரைகளுக்குக் குறையாமல் வழங்கப்பட்ட பிறகே அதைத் தொட வேண்டும். பலன் கண்கூடு. நான்கு மாதத்தில் ஒரு விபத்தில்லை. மதியம் பன்னிரண்டுக்குச் சூடாக்கிய சோற்றை ஊழியர்கள் இரண்டரைக்குச் சாப்பிட்டார்கள், ஜில்லென்று, பத்திரமாக. டெம்பே என்ற சோயா வில்லையைப் பற்றிப் பேசுவதில் தராசுப் பிரிவின் தலைவருக்கு மாவட்ட அளவில் பெயர் வந்தது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து பேருந்து பிடித்து ஆய்வுப் பயணமாக வந்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்வது தியாஸ். கூச்சம்கூட ஓரளவு குறைந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்படி வந்த ஒரு குழு வெகுவாகப் பாராட்டிவிட்டுக் கிளம்பியதும், தியாஸ் தலைவரின் அறைக்குள் போனாள். இபு சுலாஸ்த்ரியும் உள்ளே இருந்தார். கஸ்மின் தேநீர் கொண்டுவந்தார்.

"பாக், என் கோப்பு."

தலைவர் கனிவாகச் சிரித்தார். "நீயே எழுதின விதிதானேம்மா? எதையும் உடனே தொடக் கூடாது. ஆறவிடணும்."

தியாஸ் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மூணு வருஷம் நாலு மாசமா ஆறுது, பாக். வேணும்னா தொட்டுப் பாருங்க." சட்டைப் பையிலிருந்து முத்திரை குத்திய வெப்பமானி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

தலைவர் வெப்பமானியை ஓரமாக நகர்த்தினார். காகிதக் குவியலின் அடியிலிருந்து கோப்பை உருவினார். தூசியைத் தட்டினார். அதன்மேல் புறங்கையை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் பொறுப்போடு யோசித்தார்.

"இன்னும் சூடா இருக்கேம்மா," என்றார்.

"ஆமாங்க பாக்," என்றார் இபு சுலாஸ்த்ரி, தொடாமலே. "சூடாத்தான் இருக்கு."

"ஆமாங்க பாக்," என்றார் கஸ்மின்.

கோப்பு பழைய இடத்துக்கே போனது. அந்த அலுவலகத்தில் சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான்.