கட்டைவிரலில் தெரியும் மனம்

மனரேகை நிபுணர் தமிழ்செல்வன் திருப்பூருக்கு வந்ததிலிருந்து அவர் தங்கியிருந்த விடுதி வாசலில் கம்பெனி வேன்கள் வரிசை கட்டி நின்றன. கட்டைவிரலில் மை தடவி ஓர் அட்டையில் அழுத்தினால் போதும். அவருடைய கருவி அட்டையை விழுங்கி, அம்மனிதரின் நேர்மை நூற்றுக்கு இவ்வளவு என்று அச்சிட்டு உமிழும். மனத்தை அளக்கத் தலை வரைக்கும் ஏற வேண்டியதில்லை, விரலோடு நின்றுகொள்ளலாம் என்னும் இந்தக் கண்டுபிடிப்பைப் பனியன் நகரம் பயபக்தியோடு வரவேற்றது. ஒரு முதலாளி, மருமகன் தூங்கும்போது அவர் விரலில் மை தடவியதாகக் கேள்வி.

ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனியிலும் எல்லோரும் விரல் வைத்தார்கள். முதலாளிக்குத் தொண்ணூற்றேழு. செக்கிங் மேசையில் ஏழாண்டுகளாகச் சட்டைகளின் குறை பார்த்துவரும் அபிராமிக்கு இருபத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே பெற்றவர்களுக்குத் திங்கள் முதல் வேலையில்லை என்றது அறிவிப்புப் பலகை. பிறர் விட்ட ஓட்டைகளையே கண்டு பழகிய அபிராமிக்கு, தன் மனத்தில் இத்தனை ஓட்டை இருப்பது புதிய செய்தியாக இருந்தது. நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"நானென்ன பண்ணட்டும் கண்ணு? சந்தேகப்பட்டுத்தான் உன்ற அட்டைய மூணு தடவ போடச் சொன்னேன். மூணு தடவையும் அதே இருபத்தெட்டு! மிசினு பொய் சொல்லுமாக்கும்?"

"சார், போன மாசம் ஒரு அளவு டேப்பு முனையில ஒரு இஞ்சு கிழிஞ்சு போயிருந்துச்சே. அத வச்சு நூறு தடவ அளந்தாலும் ஒரே அளவுதான் வந்துச்சு. சட்ட சரியாவா இருந்துச்சு?"

அந்தச் சட்டைகள் கப்பலேறித் திரும்பி வந்தவை. ஈஸ்வரமூர்த்தி முகம் சுளித்தார். "அத ஏங் கண்ணு இப்ப ஞாபகப்படுத்தற?"

"கொறஞ்ச மார்க்கு வாங்குன பதினோரு பேரும் துணிய இழுத்து இழுத்து ரேகை தேஞ்சவுங்க சார். ரேஷன் கடை மிசினே எங்க வெரல ஏத்துக்கிறதில்ல. அந்த ஆளு தேஞ்ச வெரலத்தான் அளக்காரு."

"அப்ப என்ற தொண்ணூத்தேழு?"

"உங்க வெரலு நல்லா கொழுகொழுன்னு இருக்கு சார்."

முதலாளி தம் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இன்னும் ஒரே ஓர் அட்டையைச் சோதித்துப் பார்க்க அவள் கேட்டதற்கும் சம்மதித்தார்.

மறுநாள் தையல் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் தமிழ்செல்வன் அந்த அட்டையைக் கருவிக்குள் செலுத்தினார். மேலே 'ராமாத்தாள்' என்று எழுதியிருந்தது.

"தொண்ணூத்தி நாலு! பொறுமையின் சிகரம். கூச்ச சுபாவம். வெளியே சொல்ல முடியாத ஒரு கவலை உள்ளே இருக்கிறது. இவரை சூப்பர்வைசர் ஆக்கலாம்."

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள் அபிராமி.

மறுபடியும் தொண்ணூற்று நான்கு. கூட்டம் கைதட்டியது. "இந்த அம்மாவை நேரில் பார்த்தே ஆக வேண்டும்," என்று உருகினார் நிபுணர்.

அபிராமி சாம்பிள் அறைக்குள் போனாள். சட்டை மாட்டிக் காட்டும் பொம்மையை இடுப்போடு அணைத்துத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள். அதற்குக் கைகள் உண்டு. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அதன் கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை.

துணி மடிக்கும் மேசையிலிருந்து ஒச்சாயிதான் முதலில் வாய் திறந்தாள். "பொறுமசாலின்னு சொன்னது சரிதேன்! எத்தன சட்டைய மாட்டிக் கழட்டுனாலும் ஒரு மூச்சு விட்டதில்ல!"

சிரிப்பு கூரையைத் தொட்டது.

"மை கூடினால் மதிப்பெண்ணும் கூடிவிடும்..." என்று தடுமாறினார் நிபுணர்.

"அப்ப அது மையைத்தானே அளக்கு?"

நிபுணர் கருவியைப் பைக்குள் திணித்தார். ஈஸ்வரமூர்த்தி தம் கையாலேயே அறிவிப்பைக் கிழித்தார். "போ கண்ணு, போயி மேசையப் பாரு," என்று அபிராமியை அனுப்பிவிட்டு, வாசல்வரை ஓடி நிபுணரின் காதருகே குனிந்தார்: "ஏனுங்க, என்ற தொண்ணூத்தேழாச்சும் நெசந்தானுங்களே?"

கேட்கும்போதெல்லாம் மாறாத ஒரே பதிலைத் தருவதால் ஒரு கருவி உண்மையைச் சொல்கிறது என்று ஆகிவிடாது. அது எதை அளக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். தலையே இல்லாமல் தொண்ணூற்று நான்கு வாங்க முடிகிற நாட்டில், தலை உள்ளவர்கள் அதை எப்போதாவது பயன்படுத்திப் பார்த்தால் என்ன?