விக்கிரமசிங்கபுரம் துறைமுகம்

பாளையங்கோட்டையில் எந்தப் பேராசிரியரையும் ஏமாற்றிவிடலாம். ஸ்பைரல் அண்ணாச்சியை ஏமாற்ற முடியாது. கல்லூரிக்கு எதிரே ஏழடி அகலக் கடை. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு கணினி, ஒரு துளையிடும் இயந்திரம், நடுவே அவர். கட்டுரையைக் கொடுத்தால் உடனே ஸ்பைரல் பைண்டிங் செய்ய மாட்டார். ஏதாவது ஒரு பக்கத்தை விரித்து, "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்பார். பதில் வந்தால்தான் துளை விழும்.

ஏ.ஐ. கட்டுரை எழுதத் தொடங்கிய பிறகு, கடை வாசலில் எந்நேரமும் ஐந்தாறு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணாச்சி, அந்த வரி பைண்டிங்குல மறைஞ்சிரும்" என்றான் ஒரு மாணவன்.

"மறையப்போறத எதுக்குலே எழுதுன?"

"நான் எங்க எழுதுனேன்..."

"அப்படி வா வழிக்கு."

நானும் அவரிடம் மாட்டினேன். நாற்பத்தெட்டு வயதில் தபால்வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். என் நாட்குறிப்பின்படி அன்று வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்குள் ஒப்படைப்பைக் கொடுக்காவிட்டால் ஓராண்டு வீண். தலைப்பு, சொந்த ஊரின் தொழில் வரலாறு. முழுவதையும் முதல்நாள் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியிருந்தேன், படிக்காமலே. மதியம் ஒன்று ஐந்துக்கு அண்ணாச்சி ஆறாம் பக்கத்தை விரித்தார்.

"உமக்கு எந்த ஊரு வே?"

"விக்கிரமசிங்கபுரம்."

"அங்கன துறைமுகம் எப்பம் வந்துச்சு?"

எட்டிப் பார்த்தேன். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூற்பாலையின் நூல்மூட்டைகள் உள்ளூர்த் துறைமுகத்தில் கப்பலேறுவதாக, அழகான தமிழில் இருந்தது.

"அந்த வரியை மட்டும் அடிச்சிருவோம் அண்ணாச்சி. நாலு மணிக்குள்ள குடுக்கணும். எங்கப்பாவே அந்த மில்லுலதான் இருந்தாவ..."

"கப்பல்லயா வே வேலைக்குப் போனாவ?"

"சைக்கிள்ல."

"அதைச் சொல்லும். நான் கம்ப்யூட்டர்ல தட்டுதேன்."

சொன்னேன். ஆலைச் சங்கு, ஷிப்ட் முடிந்ததும் சாலையை அடைக்கும் சைக்கிள்கள், அப்பாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சு. உட்தலைப்புகளை மட்டும் விட்டுவைத்து, அவற்றின் கீழே நான் சொன்னதைத் தட்டினார். வாசலில் முணுமுணுத்தவர்களை, "பொறுங்கலே, இவரு கப்பலைக் கரை சேத்துட்டு வாரேன்" என்று அடக்கினார். கடைசியில் ஒரு பக்கத்தை அவராகச் சேர்த்தார்: 'உட்தலைப்புகளை வரிசைப்படுத்தியது ஏ.ஐ. மற்றவை என் சொற்கள்.'

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"உதவி வாங்குறது தப்பில்ல வே. வாங்கலன்னு சொல்லுததுதான் தப்பு."

மூன்று ஐம்பதுக்குக் கொடுத்தேன். ஆண்டு தப்பியது.

அண்ணாச்சி இப்போது திசையன்விளையில் மகள் வீட்டில் இருக்கிறார். கடையில் கைபேசி உறை விற்கிறார்கள். சென்ற வாரம் பழைய தாள்களை அடுக்கும்போது, திரும்பி வந்திருந்த அந்த ஒப்படைப்பு கிடைத்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், அன்று நான் கவனிக்காத, அண்ணாச்சியின் பென்சில் எழுத்து: 'கேட்டேன். பதில் சொன்னார்.'

எல்லாவற்றையும் குறித்துவைக்கும் என் நாட்குறிப்பில், அதற்கு வாங்கிய மதிப்பெண் இல்லை. இப்போது அதனுள்ளே அந்தக் கடைசிப் பக்கம் இருக்கிறது.