ஆறாவது விரல்

ஈரத் துணியை எடுத்த பிறகுதான் டாரன் ஹல்வர்சனுக்குத் தெரிந்தது, பேயின் கை கரைந்துகொண்டிருக்கிறது என்று.

அவன் துடைக்கப் போனது கையை அல்ல. வீடியோ கேசட் அட்டையின் ஓரத்தில் பல வருடத்துச் சிகரெட் புகை படிந்து ஒரு மஞ்சள் கறை இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு நூலகத்தில் பழைய பேய்ப்பட அட்டைகளின் கண்காட்சி. கறையோடு வைக்க வேண்டாமே என்று, பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை உருவி, லேசாக ஓர் இழுப்பு இழுத்தான். கறை அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த சிவப்பு மட்டும் மணிக்கட்டிலிருந்து இறங்கி, படிக்கட்டு வழியாக வழிந்து, படத்தின் பெயர் வரைக்கும் போய் நின்றது.

அச்சடித்த படம் இப்படிக் கரையாது. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் மட்டமான மை வாங்கியிருக்கிறான் என்று டாரன் முகம் தெரியாத யாரையோ திட்டினான்.

"அதைத் துடைக்கச் சொல்லி யார் கேட்டா?" என்றாள் அவன் மனைவி ஜில்.

"கறை இருந்துச்சு."

"இப்ப கறை மட்டும்தான் இருக்கு."

அட்டை அவனுடையதாக இருந்தால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போயிருப்பான். அது இரவல். டுலூத் நகரத்தின் வடக்குக் கோடியில் லிண்டால் வீடியோ என்று கடை வைத்திருந்த வெர்னன் லிண்டாலுடையது. எண்பத்தோரு வயது மனிதர். நாலு தடவை கேட்டு, ஐந்தாவது தடவை நேற்றுத்தான் கொடுத்தார், அதுவும் மனசே இல்லாமல். அது எதற்கு, வேறு நல்லதாகப் பத்து தருகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் வாசல்வரை வந்து, "குடுத்த மாதிரியே திரும்பி வரணும். ஆர்லிஸுக்கு அது மேல ஒரு இது" என்றார். ஆர்லிஸ் அவருடைய மனைவி.

டாரனுக்கும் அதன்மேல் ஒரு இது உண்டு. எட்டு வயதில் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அப்பா கௌபாய் படங்களுக்கு முன்னால் நின்று யோசிப்பார். அந்த நேரத்தில் டாரன் கடையின் பின்கோடிக்கு நழுவிவிடுவான். அங்கேதான் பேய் அலமாரி. அட்டையில் இருக்கும் பேயில் கால்வாசிகூடப் படத்தில் வராது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் என்ன, அட்டையைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. அவன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் மேல்தட்டில் இருந்த அந்த ஒன்றுக்கு முன்னால் வந்து நிற்பான்.

'படியேறி வருகிறது: இரண்டாம் பாகம்'. ஒரு மரப் படிக்கட்டு இருட்டுக்குள் இறங்கும். அடிப்படியை ஒரு சிவந்த கை பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கைக்கு ஆறு விரல்.

லிண்டால் கடையின் வழக்கம் இது: ஒவ்வொரு அட்டைக்கும் கீழே ஓர் ஆணி, ஆணியில் நம்பர் போட்ட வில்லை. வில்லையை எடுத்துப்போய்க் கல்லாவில் கொடுத்தால் கேசட் தருவார்கள். வில்லை இல்லையென்றால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த அட்டைக்குக் கீழே டாரன் ஒரு நாள்கூட வில்லையைக் கண்டதில்லை. நாலு வருடம் பார்த்தான். கேட்டால் வெர்னன் கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "வெளியே போயிருக்கு" என்பார். யார் அந்தக் கொடுத்துவைத்த ஆள் என்று டாரன் தெருவில் போகிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டான். கொஞ்ச நாள் சர்ச் பாதிரியாரையே சந்தேகப்பட்டான், அவர் எப்போதும் தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்ததால். அப்புறம் கடை மூடிவிட்டது.

ஆறாவது விரல் மட்டும் மூடவில்லை. அது யாருடையது? முதல் பாகத்தில் வெட்டுப்பட்டவனுடையதா? பேய்க்கே ஆறா, அல்லது ஒரு விரல் இன்னொரு பேயினுடையதா? நாற்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, பல் விளக்கும்போது இதை யோசிக்கிற மனிதன் அவன்.

அதைவிடக் கொடுமை, அப்படி ஒரு படம் இருந்ததென்றே யாரும் நம்பவில்லை. பழைய கேசட் சேகரிப்பவர்கள் சங்கம் ஒன்று மாதம் ஒருமுறை கூடும். அதன் தலைவர் கென்ட் ஓவர்பியிடம் மூவாயிரம் கேசட்டும், உலகத்துப் பேய்ப்படங்களின் பட்டியலும் இருந்தன. பட்டியலில் இல்லை. "இரண்டாம் பாகம் இருக்குன்னா முதல் பாகம் எங்கடா? காய்ச்சல்ல கண்ட கனவை அட்டைங்கிறே" என்று கென்ட் சொன்னார். அன்றிலிருந்து சங்கத்தில் எல்லோரும் டாரனுக்கு ஆறு விரல் காட்டித்தான் வணக்கம் வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டான். உள்ளுக்குள் வலித்தது. இன்றைக்கு இரண்டு மணிக்கு அவர்கள் சிரிப்பை நிறுத்தப்போவதாக இருந்தான். ஒரு போட்டோகூட எடுக்காமல், நேரிலேயே காட்ட வேண்டும் என்று வைத்திருந்தான்.

முதலில் ஈரம் காய வேண்டும் என்று ஜில்லின் தலைமுடி உலர்த்தியை எடுத்துச் சூடாகப் பிடித்தான். ஈரம் காய்ந்தது. அட்டை பொரித்த அப்பளமாகச் சுருண்டுகொண்டது.

சுருக்கத்தை எடுக்க, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டான். சுருக்கம் போய்விட்டது. படமும் போய்விட்டது. அட்டையில் மங்கலாக ஒரு படிக்கட்டு மிஞ்சியிருக்க, கை மொத்தமும் மேல்துண்டுக்குக் குடிபெயர்ந்திருந்தது. அது ஜில்லின் அம்மா பெயரெழுத்துத் தைத்துக் கொடுத்த துண்டு.

ஜில் துண்டை விரித்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா வியாழக்கிழமை வராங்க. இது யார் கைன்னு கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வெர்னனுக்கு போன் போட்டான். ஆர்லிஸ் எடுத்தாள். வெர்னன் டை கட்டிக்கொண்டிருக்கிறார், இருவரும் வருகிறோம், முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வெளியே கிளம்புகிறேன் என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "நம்ம கடை அட்டையும் ஏதோ வெச்சிருக்கீங்களாமே தம்பி? எதுன்னு கேட்டா அவர் சொல்ல மாட்டேங்கிறார்" என்றாள். வந்து பாருங்கள் என்று சொல்லி போனை வைத்தான். வைத்ததும் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

மணி பத்து. டாரனுக்கு வேலை கவுண்டி நிர்வாகத்தின் சாலைப் பலகைப் பணிமனையில். மான் கடக்கும் இடம், வளைவு, நில் என்று இருபது வருடமாகப் போட்டு வருகிறவன். பெயிண்ட் இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. ஜில்லையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

வெற்று அட்டையில் முதலில் வரைந்த படிக்கட்டு, 'எச்சரிக்கை, இங்கே படி' என்று சொல்வதுபோல் இருந்தது. இரண்டாவதில் கை மான்கொம்பு மாதிரி வந்தது, இருபது வருடப் பழக்கம். மூன்றாவதில் கண்ணை மூடி, எட்டு வயதுக்குப் போய், பார்த்ததை அப்படியே இறக்கினான். அந்தக் கையின் ஒவ்வொரு ரேகையும் அவனுக்குள் இருந்தது.

ஜில் எட்டிப் பார்த்து எண்ணினாள். "ஆறு விரல் போட்டிருக்கே."

"ஆமா."

"நிச்சயமா?"

"உன் பிறந்தநாளை நான் மறந்திருக்கேன் ஜில். இதை மறக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள்.

காய்ந்ததும் காப்பியைத் தொட்டு, காலையில் எடுக்கப் பார்த்த அதே மஞ்சள் கறையை அதே மூலையில் பொறுப்பாக வைத்தான். உறைக்குள் செருகி, நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் மற்ற அட்டைகளுக்கு நடுவில் வைத்தபோது மணி ஒன்று ஐம்பது.

கென்ட் முதல் ஆளாக வந்தார். ஆறு விரல் காட்டப்போனவர், பெட்டிக்குள் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். குனிந்தார். பக்கவாட்டில் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார். வெளிச்சம் பட்டதும் பேயின் கை, ஹைவேயில் 'நில்' பலகை எரிகிற மாதிரி பளீரென்று எரிந்தது.

டாரனுக்கு உடனே புரிந்தது. அவசரத்தில் எடுத்த சிவப்பு, இரவில் வண்டி விளக்குப் பட்டால் மின்னுகிற சிவப்பு.

"மின்னுற மை," என்றார் கென்ட். "அந்தக் காலத்துலேயே மின்னுற மை போட்டிருக்கான். டாரன், நான் உன்னை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன். மன்னிச்சிரு."

இவ்வளவு வருடம் காத்திருந்த வார்த்தை. அதை வாங்கிக்கொள்ள டாரனால் முடியவில்லை, வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கென்ட் பாதி நாட்டுக்குப் படத்தை அனுப்பிவிட்டார். மினியாபொலிஸிலிருந்து இரண்டு நிபுணர்கள் பூதக்கண்ணாடியோடு நாளைக் காலை கிளம்பி வருகிறார்களாம். பட்டியலில் புது வரி சேர்த்தாகிவிட்டதாம். முதல் பாகத்தையும் எப்படியாவது தேடிப் பிடிக்க வேண்டும் என்று கென்ட் நிதி திரட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, டாரனுக்கு அங்கேயே தரை பிளந்து படிக்கட்டு வந்தால் இறங்கிவிடலாம்போல் இருந்தது.

அப்போதுதான் லிண்டால் தம்பதி வந்தார்கள். வெர்னன் டையோடு, ஆர்லிஸ் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு. வெர்னன் பெட்டிக்குள் அட்டையைப் பார்த்ததும் காது வரைக்கும் சிவந்தார். போயும் போயும் இதையா நடுவில் வைத்தாய் என்று முணுமுணுத்தார். கென்ட் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த கேசட் கடைசியா யார்கிட்ட இருந்துச்சு?"

வெர்னன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை. "வெளியே போயிருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, எலுமிச்சை கேக் வைத்திருந்த மேசைப் பக்கம் வேகமாக நடந்தார். கென்ட் விடாமல் பின்னாலேயே போனார்.

டாரனும் ஆர்லிஸும் பெட்டிக்கு முன்னால் தனியாக நின்றார்கள். இனிமேல் மறைத்தால் மனுஷனே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. வரைந்ததை, கரைந்ததை, துண்டை, எல்லாவற்றையும் இந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, நாளை நிபுணர்களிடமும் சொல்லிவிட வேண்டும். ஆயுசுக்கும் ஆறு விரல் வணக்கம்தான், பரவாயில்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தான்.

ஆர்லிஸ் இரு என்று கை காட்டினாள். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, நடைவண்டியைச் சாய்த்துக் குனிந்து, அட்டையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கணவர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாரனின் காதுக்கருகில் வந்து மெல்லச் சொன்னாள்.

"கை என்னோடதைவிட நல்லாவே வந்திருக்கு தம்பி, ஆனா அலமாரி காலியாத் தெரியக் கூடாதுன்னு, இல்லாத படத்துக்கு நான் அவசர அவசரமா அட்டை வரைஞ்சப்பதான் விரலை எண்ணாம விட்டேன், நீங்க ஏன் எண்ணலை?"