மூன்று சென்ட் ஸ்டாம்புக்கு இஸ்திரி

பெண் கிடைப்பதற்காக ஆண்கள் சொல்லும் பொய்கள் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகுதான் வெளியே வரும். என் பொய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. நிச்சயத்துக்கு முன்பே இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

2013 வாக்கில் நான் நெய்வேலியில் அனல்மின் நிலையத்து மெயின்டெனன்ஸ் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர். நான் பெர்மனன்ட், அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து கிராமத்தில். நித்யா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண். அவள் அப்பா சண்முகம் சார் திருநெல்வேலிப் பக்கம், கெமிக்கல் லேபில் சீனியர். எங்கள் விஷயம் அவருக்குத் தெரிந்து ஆறு மாதம் ஆகியும் “பார்ப்போம்” என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. (பெண்ணைப் பெற்றவர்கள் “பார்ப்போம்” என்றால், வேறு இடம் பார்ப்போம் என்று அர்த்தம்.)

அவருக்கு உலகத்தில் ஒரே பலவீனம், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஸ்டாம்ப். இதை நித்யா சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் சந்திப்பிலேயே அவிழ்த்துவிட்டேன்.

“எனக்கும் ஸ்டாம்ப் கலெக்ஷன்னா உசுரு சார். பழைய அமெரிக்கா ஸ்டாம்புக்கு விலையே போடுவேன்.”

என்னிடம் அப்போது இருந்தவை பதினோரு ஸ்டாம்புகள். பதினொன்றும் உள்ளூர். அதில் ஏழு ஒரே ஸ்டாம்ப்.

சார் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். உள்ளே போய், ஒரு சின்னக் கண்ணாடித்தாள் உறையோடு வந்தார். உள்ளே ரோஜா நிறத்தில் மூன்று சென்ட் ஸ்டாம்ப். (சென்ட் என்றால் எங்கள் வடக்குத்தில் மனைதான்.) ஏதோ ஒரு பழைய ஜனாதிபதி பக்கவாட்டில் முறைத்துக்கொண்டிருந்தார்.

“எண்பதுகள்ல இங்க யூனிட் போட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருத்தர், ஊருக்குக் கிளம்பறப்போ என் கையில குடுத்தது. தங்கமான மனுஷன். ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரியிலேருந்து என் ஃப்ரெண்ட் வர்றார், நாப்பது வருஷமா இதுலயே ஊறினவர். அதுக்குள்ள நீங்க ஒரு விலை போட்டுக் கொண்டாங்க தம்பி. ரெண்டும் ஒத்துப்போவுதான்னு பாப்போம். பின்பக்கத்த மட்டும் நல்லா பாத்துக்கிடுங்க.”

இது பரீட்சை என்று புரிந்தது. பாஸானால் நித்யா, ஃபெயிலானால் “பார்ப்போம்”.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். ஒரே முகத்தில் பத்துப் பதினைந்து ரகம். ஒன்று டீ வடை விலை, இன்னொன்று மயக்கம் வரும் விலை. வித்தியாசம் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு இடத்தில், சுருக்கம் இல்லாமல் சமமாக இருந்தால் மதிப்பு கூடும் என்று எழுதியிருந்தது. அதற்குமேல் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சார் சொன்னபடி பின்பக்கத்தைப் பார்த்தேன். பகீரென்றது. நடுவில் ஒரு சதுரம் முழுக்க, ஊசியால் குத்தியது போல வரிசை வரிசையாகப் பொடி மேடுபள்ளம்.

இங்கே எங்கள் தொழிலின் கோளாறைச் சொல்லியாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை யூனிட்டை நிறுத்திப் பிரித்து, துடைத்து, வளைந்ததை நிமிர்த்தி மறுபடி மாட்டுவோம். அதற்குப் பெயர் ஓவர்ஹால். கைக்கு வந்த சாமானை உள்ளது உள்ளபடி திருப்பிக் கொடுப்பது மெயின்டெனன்ஸ்காரனுக்குக் கௌரவக் குறைச்சல். அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்தேன். ஸ்டாம்பைக் கவிழ்த்து வைத்து, மேலே வேட்டியை மடித்துப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து அழுத்தினேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். “இன்னாடா பண்ற?”

“ஸ்டாம்புக்கு இஸ்திரி போடறேன்.”

“ஒரு நாளாவது உன் சட்டைய நீ தேச்சிருக்கியா? பொண்ணு வூட்டு சாமான்னதும் இந்நேரமா உக்காந்து தேச்சிகினு இருக்க.”

ஐந்து நிமிடத்தில் மேடுபள்ளம் மாயம். புது நோட்டு மாதிரி இருந்தது. நான் கொஞ்சம் பாடக்கூடச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி நண்பர் லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“சண்முகம், இதுல கிரில்லே இல்லையேப்பா. சாதா ஸ்டாம்ப்.”

அந்தச் சொல்லை நைஸாகப் போனில் தட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒருமுறை ஒட்டிய ஸ்டாம்பை முத்திரை மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து, மை காகிதத்துக்குள் நன்றாக இறங்குவதற்காக அமெரிக்காவில் சில வருடம் அப்படிக் குத்தி அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் குத்துகளுக்குத்தான் கிரில் என்று பெயர். அவற்றை எண்ணித்தான் விலை போடுவார்கள். அமெரிக்க அரசாங்கம் மெனக்கெட்டுக் குத்தியதை நான் வடக்குத்தில் உட்கார்ந்து நிமிர்த்தியிருக்கிறேன்.

“இருந்துச்சே... நானே எண்ணியிருக்கேனே” என்றார் சார்.

“போலியா குத்தியிருப்பாங்க. இதுல அது சகஜம். நாளாவட்டத்துல அமுங்கிப் போயிருக்கும். உனக்குக் குடுத்தவர் நல்லா ஏமாத்திட்டார்.”

சார் ஸ்டாம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. முப்பது வருடமாகத் தங்கமான மனிதராக இருந்தவர் ஒரு நொடியில் ஏமாற்றுக்காரராகிவிட்டார். சமையலறை வாசலில் நித்யா, பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பேசாமல் இருந்தால் நான் தப்பித்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

“சார், அவர் ஏமாத்தல. நான்தான் தேச்சிட்டேன்.”

“என்னத்த?”

“இஸ்திரி போட்டுட்டேன் சார்.”

பாண்டிச்சேரிக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். சார் என்னையே பார்த்தார். கடைசியில் அவருக்குள் இருந்த லேப்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“எந்தச் சூட்டுல?”

“காட்டன்ல சார்.”

“தண்ணி தெளிச்சியா?” (அந்த இடத்தில் “நீங்க” போய்விட்டது.)

“லேசா...”

“கெளம்பு.”

மூன்றாம் நாள் சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அம்மா வாசலுக்கு ஓடினார். “நான் அன்னிக்கே கேட்டேங்க, இன்னாடா பண்றேன்னு...” என்று ஆரம்பித்தார். சார் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்த மனுஷன ஏமாத்துக்காரன்னே முடிவு பண்ணிருப்பேன். நீ வாயத் திறந்த, பொழைச்சேன். ஆனா என் ஆத்திரம் அடங்கல.” பிறகு அப்பாவிடம் சொன்னார்: “வெளியாளா இருந்தா ஒருதடவ திட்டிட்டு விட்டுரணும். மருமகனா இருந்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம்லா. முகூர்த்தத்துக்கு நாள் பாத்துக்கிடுங்க.”

மாமா சொன்ன சொல் தவறாதவர். சீமந்தம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எங்கே போனாலும் சொல்லிக் காட்டுகிறார். ஆல்பத்தையும் கையோடு கொண்டுவருகிறார். மற்ற ஸ்டாம்புகளுக்குக் கீழே ஆண்டு, நிறம், ரகம் எல்லாம் குண்டு எழுத்தில் எழுதியிருக்கும். அந்த ரோஜா நிறத்துக்குக் கீழே மட்டும், கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி, ஒரே வரி. என் மகள் வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள்:

“கிரில் நீக்கம் - மாப்பிள்ளை உபயம்.”