இருபத்தைந்தாவது அடியில் கடல்

ஒரு கிணற்றைக் கெடுப்பதற்காகக் கடல் தாண்டிப் போனவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

திண்டுக்கல் பக்கத்து ஆண்களிடம் இரண்டு விஷயங்களில் வாயைக் கொடுக்கக் கூடாது. ஒன்று பிரியாணி, இன்னொன்று போர்வெல். டீக்கடையில் ஒருவர் "எழுநூறு அடி போட்டேன்" என்றால் அடுத்தவர் "ஆயிரத்து நூறு" என்பார். தண்ணீர் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ("புகைதான் வந்துச்சு. ஆனா என்னா புகைங்கிறே!") ஆழம்தான் கௌரவம். வத்தலக்குண்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் மட்டும் மூன்று போர்வெல். மூன்றின் தண்ணீரையும் சேர்த்தால் ஒரு ஆள் முகம் கழுவலாம். காலையும் கழுவ நினைத்தால் அது பேராசை.

இப்படிப்பட்ட நிபுணனுக்குத்தான் மாலத்தீவிலிருந்து போன் வந்தது. பேசியவர் திண்டுக்கல் பேகம்பூர்க்காரர் காதர் பாய். அங்கே ஒரு சின்னத் தீவில், ஹசன் என்பவரின் விடுதியில் சமையல்காரர்.

"முருகேசு, இங்க எல்லாக் காயும் கப்பல்லதான் வருது. பொட்டியப் பிரிக்கிறப்பவே கத்திரிக்கா செத்துக் கெடக்கு. முதலாளி தோட்டம் போட ஆள் தேடுறாரு. வாரியா?"

போனேன்.

தீவு எவ்வளவு பெரிசு என்றால், இந்தக் கரையில் நின்று தும்மினால் அந்தக் கரையில் நிற்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். மண் என்று ஒன்று கிடையாது, பவளத்தூள் மாதிரி வெள்ளை மணல்தான். செடி வைக்கிற மண்கூட மூட்டையில் கப்பலேறி வரும். கிழக்குக் கரையைக் கடல் தின்றுகொண்டே வந்ததில் ஒரு வரிசைத் தென்னை குப்புற விழுந்து கிடந்தது. குடிக்க மழைத் தண்ணீர், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டி. மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. விடுதிக் கிணற்றை நம்பி அக்கம்பக்கத்தில் ஆறு வீடுகள் இருந்தன.

மற்ற குடிமக்களையும் சொல்ல வேண்டும். பழந்தின்னி வௌவால்கள் சாயங்காலமானால் பப்பாளியை எனக்கு முன்பே அறுவடை செய்துவிடும். சங்கைச் சுமந்து திரியும் ஒரு நண்டு என் செருப்புக்குள் குடிவந்தது. நான் பாத்தி கட்டும்போது ஒரு சாம்பல் நாரை பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். குனியாது, நகராது, ஒரு வேலை செய்யாது. மேஸ்திரி என்று பேர் வைத்தேன்.

கிணற்றை எட்டிப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நாலடியில் தண்ணீர்!

"பாய், இது கெணறா, அண்டாவா?"

மோட்டாரைப் போட்டு அரை மணி நேரத்தில் ஹசன் வந்து நிறுத்திவிடுவார். "போதும்" என்று கையைக் காட்டுவார். பாவம், ஆழம் தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஹசனின் மகள் மர்யத்துக்குக் கல்யாணம். ஊர் மொத்தமும் சாப்பிடும். காதர் பாயின் திண்டுக்கல் பிரியாணிதான் விருந்து. கோடை முடிகிற நேரம், தொட்டிகளில் அடிமட்டத் தண்ணீர். டீ போடவும் சோறு வேக வைக்கவும்கூடக் கிணறுதான் கதி. கல்யாணச் சாமான் வாங்க ஹசன் இரண்டு நாள் தலைநகருக்குப் போனார். அவர் திரும்பும்போது தண்ணீரைக் கொட்டிக் காட்டுவோம் என்று எனக்குள் இருந்த நிபுணன் துள்ளி எழுந்தான்.

கட்டட வேலையில் மிச்சமான பைப்பை எடுத்துக் கிணற்றோரம் இறக்கினேன். எங்கள் ஊரில் லாரி வந்து, பாறை அலறி, தெருவே வெள்ளையடித்த மாதிரி ஆகும். இங்கே அல்வாவில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. இருபத்தைந்து அடி. (எங்கள் ஊர்க் கணக்கில் இது பல் குத்துகிற ஆழம்.) மோட்டாரை மாட்டினேன். யானை தும்பிக்கையால் அடிக்கிற மாதிரி பீறிட்டது தண்ணீர்! நான் ஆடினேன். காதர் பாய் கரண்டியைத் தட்டினார். கத்திரிக்கெல்லாம் பாய்ச்சியது போக, "கல்யாணத்துக்கு ஆகும்" என்று மிச்சத்தைக் கிணற்றிலேயே விட்டு ரொப்பினேன். இரண்டு நாள் மோட்டார் ஓடியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேனா? தண்ணீரைச் சுவை பார்க்கிற பழக்கமெல்லாம் எங்களுக்கு இல்லை. வந்ததே பெரிய விஷயம்.

புதன்கிழமை காலை டீ குடித்தேன்.

"பாய், சீனின்னு நெனச்சு உப்பப் போட்டுட்டீங்க."

"ஏலே, முப்பது வருசமா டீ போடுறேன். எனக்கே சொல்றியா?" என்றவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பினார். வேறு டீ போட்டார். அதுவும் உப்பு. புதுச் சீனிப் பொட்டலம் பிரித்தார், உப்பு. பால் பவுடர்க் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அந்த நேரத்தில், முந்தின நாள் நடுராத்திரி திரும்பியிருந்த ஹசன் இடுப்புத் துண்டோடு வந்து நின்றார். தலையெல்லாம் சோப்பு, ஒரு பொட்டு நுரையில்லை. முடி பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி விறைத்து நின்றது. நான் மெதுவாகத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். கத்திரி இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேஸ்திரியே வேலையை விட்டுப் போயிருந்தார்.

பின்னாலேயே கல்யாணப் பொண்ணு மர்யம் வந்தாள். மதுரையில் நர்சிங் படித்தவள், என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். ஹசன் அவர்கள் பாஷையில் ஐந்து நிமிஷம் பேசினார். பைப்பைக் காட்டினார், கடலைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், கடைசியில் என்னைக் காட்டினார்.

"அண்ணே, எம்புட்டு ஆழம்னு அப்பா கேக்குறாரு" என்றாள் மர்யம்.

"இருபத்தஞ்சு அடி!" (அப்போதும் பெருமையை அடக்க முடியவில்லை.)

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, எங்க தீவுக்கு அடியில கடல்தான் இருக்கு. பேஞ்ச மழத்தண்ணி அது மேல பாலாடை மாதிரி மெதக்குது. எங்களுக்குன்னு இருக்குறது அம்புட்டுதான். நீங்க ஆடையக் கிழிச்சுக் கீழ இருக்குறத இழுத்துட்டீங்க." பிறகு மணலில் இருந்த ஒரு வளையைக் காட்டினாள். "இங்க நண்டுகூட ஈரம் வந்ததும் தோண்டுறத நிறுத்திரும்ணே."

வாழ்க்கையில் பல பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நண்டை விடக் கீழே வைத்து யாரும் திட்டியதில்லை.

ஆறு வீட்டுத் தண்ணீர் போச்சு. ஒரு கல்யாண விருந்தும் போச்சு. காதர் பாய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முருகேசு, பிரியாணிய எதுல வேக வைக்க? ஒங் கண்ணீர்லயா?"

"அதுவும் உப்புதான் பாய்" என்றேன். (வாய் சும்மா இருக்காது.) கரண்டி பறந்து வந்தது.

பைப்பைப் பிடுங்கினோம், ஓட்டையை அடைத்தோம். மழை வந்தால்தான் கிணறு தேறும் என்றார்கள். மழை கல்யாணத்துக்கு வருவதாகத் தெரியவில்லை. மர்யம்தான் வீடு வீடாகச் சொல்லியனுப்பினாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று வாங்கி வைக்கிற வேலையை ஹசன் எனக்குக் கொடுத்தார். வந்த எல்லோருக்கும் தண்ணீர் தருவதை விட என்னைப் பார்ப்பதில்தான் ஆர்வம். கைவிரலை விரித்து "இருபத்தஞ்சா?" என்று கேட்டார்கள். இரண்டு பெண்கள் செல்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு மீனவர் குடத்தைக் கொடுக்காமல் என்னவோ சொன்னார்.

"கடலையாவது விட்டு வைப்பீங்களான்னு கேக்குறாரு" என்றாள் மணப்பெண், மருதாணிக் கையால் வாயை மூடிக்கொண்டு.

கிணற்றுக்கு அடுத்த வீட்டு அம்மா கடைசியாக வந்தார். அரைக் குடம்தான் கொண்டுவந்தார். அன்று அவர் தொட்டியில் இருந்ததே அவ்வளவுதான். ஒரு சொட்டும் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனார். இதை மட்டும் எனக்கு வேடிக்கையாக எழுத வரவில்லை.

பிரியாணி பிரமாதம் என்றார்கள். நான் சாப்பிட்ட கையைக் கழுவக் கூசி, இலையில் துடைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் முடியும் வரை அங்கேயே இருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் மோட்டார் போட்டதில்லை. கொஞ்சம் கத்திரியும் காய்த்தது. ஆனால் தீவுக்காரர்கள் அந்தக் கிணற்றுக்குத் 'திண்டுக்கல் கிணறு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரைக் காதர் பாய் லீவில் வந்தபோது ஊரெல்லாம் பரப்பினார். கதையில் பாதிதான் பரவியது.

போன வருஷம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் மைக்கில் அறிவித்தார்கள்: "கடல் கடந்து போயும் நம்ம ஊர் பேர்ல ஒரு கிணறே வெட்டிக் குடுத்த அண்ணன் முருகேசன் அவர்களுக்கு..." பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். முழுக் கதையும் தெரிந்த என் மனைவி செல்வி, பந்திக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவளே ஆரம்பித்துவிடுகிறாள், மாலத்தீவில் எங்க வீட்டுக்காரர் கிணறு ஒண்ணு இருக்கு என்று. வந்தவர்களும் ஆச்சரியப்பட்டு, "அப்படியா! தண்ணி நல்லாருக்குமா?" என்று கேட்பார்கள்.

"இவரு ஊருக்குக் கெளம்பி வந்ததுக்கப்புறம் நல்லாருக்காம்" என்பாள்.