ஆளுக்கு ஒரே கரண்டி

ஒரு மனிதன் எவ்வளவு ஏழை என்பதை அவன் கழுத்தெலும்பைப் பார்த்தே சொல்லிவிடும் ஆள் விழுப்புரம் மாவட்டத்திலேயே எடைமெஷின் அண்ணன் ஒருவர்தான். திண்டிவனம் பக்கம் புதிதாக வந்த ஷூ கம்பெனி கேன்டீனில் அவர் சோறு போடுவார். எனக்கு அங்கே பெட்டி அடுக்கும் வேலை.

எலும்பு தெரிந்தால் மூன்று கரண்டி. கன்னம் உப்பியிருந்தால் ஒன்று. அப்பீல் கிடையாது.

தையல் மிஷினில் வேலை செய்யும் மண்டகப்பட்டு மல்லிகா ஒருநாள் தட்டை நகர்த்தாமல் நின்றார். "ஏண்ணா, எனக்கு மட்டும் ஒன்னு?"

"உனக்கு இன்னாம்மா, வசதியான உடம்பு."

"உடம்பு எங்கம்மா குடுத்த சீதனம். கேப்பைக் கூழக் குடிச்சிட்டு பஸ் புடிச்சி வர்றேன். மிஷின்ல குந்தனா கண்ணு இருட்டுது!"

பின்னால் நின்ற செல்வம், சங்கம் சேர்க்க அலைபவர், விடுவாரா? "நீ யாருய்யா எடை போட? இது பிச்சையில்ல, எங்க உழைப்பு. எல்லாருக்கும் சமமா போடு!"

அந்த வாரமே புது மேனேஜர் வந்தார். சர்க்கரை வியாதியில் விறகுக்குச்சியாகிவிட்ட ஆள். சோதனை பார்க்க, யாரென்று சொல்லாமல் வரிசையில் வந்து நின்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாப்ட்டு எத்தினி நாளாச்சிப்பா? வெக்கப்படாம துன்னு" என்று ஐந்து கரண்டி போட்டார்.

சோற்று மலைக்குப் பின்னாலிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். "இப்படி அள்ளிக் குடுத்துதான் ஜனங்க சோம்பேறியாயிட்டாங்க. உழைச்சா ஏழ்மை தானா போயிடும். நாளையிலிருந்து ஆளுக்கு ஒரே கரண்டி. மீறினா நீங்க வேலைக்கு வர வேணாம்."

"அதத்தான் நானும் சொல்றேன்!" என்று கத்திய செல்வம், யாரோடு ஒத்துப்போனோம் என்று புரிந்ததும் மோரைக் குடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அண்ணன், ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றுகிற கரண்டியோடு வந்தார். அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஆளுக்கு ஒன்று. மல்லிகாவுக்குத் தட்டு தாங்கவில்லை.

"ரூல்ஸ் கரெக்டா சார்?" என்றார் அண்ணன்.

மேனேஜர் கரண்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். சட்டம் அவர் போட்டது.

கடைசி ஆள் வாங்கி முடித்தபோது அண்டாவில் ஒரு பருக்கை இல்லை. அண்ணன் ஒரு டம்ளர் ரசத்தோடு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பசியே இல்லப்பா" என்றார் பொதுவாக.

எனக்கு யாரிடமும் பேச வராது. என் தட்டை அவர் முன்னால் வைத்து, சோற்றை இரண்டாகப் பிரித்தேன்.

"துன்னுங்கண்ணா."

பெரிய பாதி தன் பக்கம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.