துவக்குகளுக்கு அண்ணை எழுதிய கடிதம்

பிரெஞ்சு இராணுவத்தைத் தனியாளாக நின்று நிராயுதபாணியாக்க முயன்ற ஒரே தமிழர் எங்கள் துவக்கண்ணைதான். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஓம் என்பார்கள்.

ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தில் அவர் கொத்துரொட்டி போட்டார், நான் கோப்பை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும். அண்ணை ரயிலேறிக் கிராமத்துப் பழைய சாமான் சந்தைகளுக்குப் போவார். உலகப் போர் முடிந்ததும் இராணுவம் மிஞ்சிய துப்பாக்கிகளை, எங்கள் பேச்சில் துவக்குகளை, மலிவாகத் தள்ளிவிட்டதாம். அன்றைக்கு வாங்கிப் பரணில் போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் குழலை அடைத்து, இனிச் சுடாது என்று சான்றிதழும் எடுத்து, அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அண்ணைக்கு அதுவும் கூடின விலைதான். மீனின் செவுளைப் பார்ப்பதுபோலத் துவக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பேரம் பேசுவார்.

"சுடாத துவக்கை ஏனண்ணை வாங்குறியள்?"

"சுடுறதெண்டால் நான் ஏன்ரா வாங்குறன்?"

நகருக்கு வெளியே சார்செலில் அவருடைய ஓரறை வீட்டில் ஒரு துவக்கு திரைச்சீலைக் கம்பியாக இருந்தது. இன்னொன்றில் அவர் இடுப்பில் உடுக்கும் சாரம் காயும். மூன்றாவதில் வெங்காயப் பை தொங்கியது. மற்றவை கட்டிலைச் சுற்றிச் சுவரில் சாய்ந்து நின்றன.

பதினாலு வருடம் காத்திருந்து அவருக்குப் பிரஜாவுரிமை நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை போகவேண்டும். அதற்குள் போலீசோடு ஒரு சின்னச் சிக்கல் வந்தாலும் எல்லாம் பாழ் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

"இந்தக் கிழமை மட்டும் சந்தைக்குப் போகாதையுங்கோ அண்ணை," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ஓம் தம்பி, ஓம்," என்றார்.

ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது. "கார் து நோர் ஸ்டேசனுக்கு ஒருக்கா வாறியோ? ஒரு கை பிடிக்கவேணும். சோடியாத் தந்தவங்கள், ஒண்டை மட்டும் விட்டிட்டு வர மனமில்லை."

இரண்டையும் பழைய சாரத்தில் சுற்றியிருந்தார். சாரத்தில் சுற்றினால் துவக்கு துவக்காகத் தெரியாது என்பது அவருடைய எண்ணம். அது துவக்கைத் தவிர வேறெதுவாகவும் தெரியவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பத்தடி நடந்திருப்போம், ஒரு பெண் போலீசும் இரண்டு ஆண்களும் எதிரே வந்து நின்றார்கள். சாரம் அவிழ்ந்தது. வியாழக்கிழமை போச்சு என்று நினைத்தேன். என் விசாவும் போச்சு என்று அடுத்த கணமே நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணை பதறாமல் தோள்பையிலிருந்து பைலை எடுத்துக் கொடுத்தார். நம்மவர்கள் பால் வாங்கப் போனாலும் பைலோடு போகிறவர்கள். ஆனால் இது அவருடைய பைல் அல்ல, துவக்குகளுடைய பைல். ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவில் ஒரு படம், கூடவே ஒரு கடிதம். புதிய இரண்டுக்கும் படம்தான் இல்லை. கடிதங்களை ரயிலிலேயே எழுதி முடித்திருந்தார்.

போலீஸ்காரி சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தலையசைத்தாள். பிறகு கடிதத்தைச் சத்தமாக வாசித்தாள்:

"கீழே ஒப்பமிடும் நான், இந்தத் துவக்கை என் வீட்டில் இலவசமாகத் தங்கவைத்திருக்கிறேன் என்று உறுதியளிக்கிறேன்."

கூட வந்த இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. முகவரி இல்லாமல் வந்து இறங்கும் ஆளுக்கு, வீடுள்ள ஒருவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் அது. அது இல்லாமல் இந்த நாட்டில் ஒரு அலுவலும் நடக்காது.

"துவக்குக்கு எதற்கு ஐயா இது?" என்று கேட்டாள்.

அண்ணையின் பிரெஞ்சும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கும். "எனக்கும் ஒருத்தர் எழுதித் தந்தபடியாத்தான் மதாம் நான் இஞ்சை நிண்டனான். இதுகளுக்கு ஒருத்தரும் இல்லையே."

"எவ்வளவு காலம் தங்கும்?"

"சுடுறதை விட்டிட்டுதுகள். இனி எங்கை போறது?"

அவள் பைலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். சாரத்தை மறுபடி சுற்றவும் உதவினாள். வியாழக்கிழமை நேர்முகம் நல்லபடி முடிந்தது. சில மாதங்களில் பிரஜாவுரிமையும் கிடைத்தது. அதைக் கொண்டாட அண்ணை இன்னொரு துவக்கு வாங்கினார்.

அன்றைக்கு அவள் வாசித்த கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். துவக்கு என்று இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டு, நான் வந்திறங்கிய கிழமையே அண்ணை எனக்கும் அதையே எழுதித் தந்திருந்தார். அந்த ஓரறை வீட்டில் துவக்குகளுக்கு நடுவே ஆறு மாதம் பாய் விரித்துப் படுத்தேன். பயமில்லாமல் நித்திரை கொள்ள நான் பழகியது அங்கேதான்.